கோட்டுக்குக் கீழே எதைப் போடுவது? ஷேர் சலிக்க நான் செய்த எக்செல் ஷீட்

கீழக்கரையில் ஷேர் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டில் ஒன்று காதில் விழும். "அது சூதாட்டம்ல?" அல்லது "எதை வாங்கணும்னு மட்டும் சொல்லு, போதும்." முதலாவதற்கு எங்கள் ஊர் இஸ்லாமிய மார்க்க அறிஞர் ஆலிம்சா தெளிவாகவே சொல்லிவிட்டார்: தொழில் ஹலாலாக இருந்து, வட்டிக் கலப்பும் வரம்புக்குள் இருந்தால், கம்பெனியில் பங்கு வைத்திருப்பது கூட்டு வியாபாரம்தான். காலையில் வாங்கி மதியம் விற்கிற ஆட்டம் வேறு கதை. இரண்டாவதற்கு யாரும் ஒழுங்கான பதில் தருவதில்லை. துபாயில் இருக்கும் மச்சான், "மச்சான், நீதான் கணக்கு எழுதுற ஆளாச்சே, நீயே பாத்துச் சொல்லேன்" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார். டிப்ஸ் குரூப்களில் சேர எனக்கு மனமில்லை. பேலன்ஸ் ஷீட் தெரியும், எக்செல் தெரியும். நாமே ஒரு சல்லடை செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தப் பதிவில் எந்தப் பங்கையும் வாங்கச் சொல்லவில்லை. சல்லடை எப்படி உருவானது, எங்கே கண்ணி பெரிதாயிற்று, எங்கே சிறிதாயிற்று என்பதுதான் விஷயம்.

மும்பை பங்குச் சந்தையில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் கம்பெனிகள் பட்டியலில் உண்டு. அத்தனையையும் தொட்டால் ஆயுள் போதாது. தேசிய பங்குச் சந்தையின் பெரிய ஐந்நூறு கம்பெனிகள் கொண்ட நிஃப்டி 500 பட்டியலை எடுத்துக்கொண்டேன். ஆண்டறிக்கை ஒழுங்காகக் கிடைக்கும். அவசரத்துக்கு விற்க நினைத்தால் வாங்க ஆளிருக்கும். "நிஃப்டி 500 ஷரியா என்று ஒரு குறியீடே இருக்கிறதே, அதை அப்படியே எடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். எடுத்தேன், ஆனால் என் விடையைச் சரிபார்க்கும் விடைக்குறிப்பாக. என் ஷீட் ஒரு கம்பெனியை உள்ளே விட்டு அந்தக் குறியீடு வெளியே தள்ளியிருந்தால், ஏன் என்று தேடிப் போவேன். கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தத் தேடலில்தான் கிடைத்தது. தவிர, அந்தப் பட்டியல் மார்க்கம் அனுமதிக்கிறதா என்று சொல்லுமே ஒழிய, வியாபாரம் நல்ல வியாபாரமா என்று சொல்லாது.

முதல் சலிப்பு தொழிலை வைத்து. பேங்க், வட்டிக்கு விடும் நிதி நிறுவனங்கள், வழக்கமான இன்ஷூரன்ஸ் எல்லாம் முதல் சுற்றிலேயே வெளியே. 2022 செப்டம்பரில் சந்தைக்கு வந்த தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்கை நம் பக்கத்தில் தெரியாத ஆளில்லை. ஆனாலும் இந்த ஷீட்டில் அதற்கு இடம் கிடையாது. மார்க்கம் பார்க்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடன் விகிதம் வைத்துச் சலிக்கும்போது பேங்க்குகளைத் தனியே பிரித்துவிடுங்கள். மக்கள் போட்டிருக்கும் டெபாசிட்டையும் கம்பெனிக் கணக்குகளைத் தொகுத்துத் தரும் இணையத் தளங்கள் கடனாகவே எண்ணும். நல்ல பேங்க்கும் மூழ்கப் போகிற கம்பெனி மாதிரித் தெரியும்.

மது, புகையிலை, சூதாட்டம், பன்றி இறைச்சி என்று அடுத்து. இங்கே தளங்கள் போட்டிருக்கும் துறைப் பெயரை நம்பினால் ஏமாற்றம்தான். ஐடிசியைப் பாருங்கள், அன்றாட நுகர்பொருள் என்ற பெயரில் பிஸ்கட், சோப்புக் கம்பெனிகளோடு வரிசையில் நிற்கும். லாபத்தில் பெரும்பங்கு சிகரெட்டிலிருந்து வருகிறது என்பது ஆண்டறிக்கையில் பிரிவுவாரிக் கணக்கைப் பிரித்தால்தான் தெரியும். சர்க்கரை ஆலைகள் இன்னும் சிக்கல். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஒரு பக்கம், குடிக்கிற சாராயத்துக்கான ஸ்பிரிட் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வடிசாலையிலிருந்து வரலாம், துறைப் பெயர் 'சர்க்கரை' என்றே இருக்கும். பிரிவுவாரிக் கணக்கு தெளிவாக இல்லாத ஆலைகளை நான் விட்டுவிட்டேன். சந்தேகம் இருப்பதை விடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஐந்நூறு கம்பெனி இருக்கிறது.

அடுத்தது கடன். எளிதாகத்தான் இருக்கும் என்று நினைத்த இந்த இடத்தில்தான் அதிக நேரம் போயிற்று. வட்டிக் கடன் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதில் மூன்றில் ஒரு பங்கு? கடனை மேலே போட்டால், கோட்டுக்குக் கீழே வகுக்கும் எண்ணாக எதைப் போடுவது? இஸ்லாமிய நிதித் துறைக்கு விதிகள் வகுக்கும், பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி அமைப்பின் தரம், கம்பெனியின் சந்தை மதிப்பில் (எல்லாப் பங்குகளின் மொத்த விலையில்) 30 சதவீதம் என்கிறது. டவ் ஜோன்ஸ் இஸ்லாமிய குறியீடு 24 மாத சராசரி சந்தை மதிப்பில் 33 சதவீதம். எம்எஸ்சிஐயின் இஸ்லாமிய குறியீடுகள் மொத்த சொத்தில் 33.33 சதவீதம். நிஃப்டி ஷரியா குறியீடுகளுக்கு அடிப்படையான மும்பை டாசிஸ் நிறுவனத்தின் அளவுகோல் இன்னும் இறுக்கம்: மொத்த சொத்தில் 25 சதவீதம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கடன் 300 கோடி, சந்தை மதிப்பு 1,200 கோடி, மொத்த சொத்து 1,100 கோடி. சந்தை மதிப்பை வைத்துப் பார்த்தால் 25 சதவீதம், பாஸ். சந்தை சரிந்து மதிப்பு 800 கோடியாகிறது. கம்பெனி ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. ஆனால் விகிதம் 37.5 ஆகிவிட்டது, ஃபெயில். விலை மலிவாகக் கிடைக்கிற நேரம் பார்த்து சல்லடை அதை வெளியே தள்ளுகிறது. விலை கன்னாபின்னாவென்று ஏறும்போது கடன்காரக் கம்பெனியும் உள்ளே வந்துவிடும். மொத்த சொத்தை வைத்தால் இரண்டு நேரத்திலும் 27.3 சதவீதம், எம்எஸ்சிஐ கோட்டுக்குள் நிற்கும், டாசிஸ் கோட்டைத் தாண்டிவிடும். ஷேர் விலையின் மனநிலை, கம்பெனியின் கடன் ஒழுக்கத்தைத் தீர்மானிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மொத்த சொத்து, 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். ஆலிம்சாவிடமும் கேட்டேன். "இறுக்கமானதை எடுத்தா தப்பில்ல, தம்பி. ஆனா ஒண்ணை எடுத்தா அதுலயே நில்லு. வசதிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டே இருக்காதே" என்றார். எந்த முதலீட்டு ஆலோசகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

வகுத்தல் கோட்டுக்கு மேலே இருக்கும் கடன் எண்ணிலும் ஒரு பொறி. ஸ்கிரீனர் தளத்தில் 'கடன்' என்று வரும் எண்ணில் வாடகை ஒப்பந்தப் பொறுப்பும் சேர்ந்தே வரும். 2019 ஏப்ரல் முதல் அமலான புதிய கணக்கியல் தரப்படி, நீண்ட கால வாடகைக்குக் கடை எடுத்தால் இனிமேல் கொடுக்க வேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பைப் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாகக் காட்ட வேண்டும். ஊரெல்லாம் வாடகைக் கடை வைத்திருக்கும் துணிக்கடைக் கம்பெனி, செருப்புக் கம்பெனி, பரிசோதனைக்கூடம் எல்லாம் திடீரென்று கடனாளி மாதிரித் தெரிவது இதனால்தான். ஆண்டறிக்கையில் கடன் தனியாகவும் குத்தகைப் பொறுப்பு தனியாகவும் வரும். நான் ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) போட்டு, முதலாவதை மட்டும் கணக்கில் எடுத்தேன். பேங்க்கில் ஒரு ரூபாய் கடன் இல்லாத சில கம்பெனிகள் அப்போதுதான் உள்ளே வந்தன.

இன்னொன்று, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கையே பாருங்கள். தாய்க் கம்பெனி சுத்தமாக இருக்கும், கடன் முழுவதும் மகள் கம்பெனி பெயரில் இருக்கும்.

சூரியமின்சாரம், சாலை, துறைமுகம் போன்றவை கடன் கட்டத்திலேயே பெரும்பாலும் விழுந்துவிடும். நம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரியமின் நிலையம் மாதிரியான திட்டங்களில் முதலில் மொத்தப் பணத்தையும் கொட்டி, பிறகு இருபத்தைந்து வருடம் மின்சாரம் விற்று எடுக்க வேண்டும். கடன் இல்லாமல் அந்தத் தொழிலே நடக்காது. அதனால் அது கெட்ட தொழில் என்று ஆகாது. என் ஷீட்டுக்கு உரியதில்லை, அவ்வளவுதான்.

இனி வட்டி வருமானம். மொத்த வருமானத்தில் அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான கோடு; டாசிஸின் கோடு 3 சதவீதம், நான் எடுத்ததும் அதுதான். கடனே இல்லாத, கல்லா நிரம்பிய கம்பெனிதான் மார்க்கம், வியாபாரம் என்ற இரண்டு கண்ணோட்டத்திலும் தங்கம் என்று நினைத்திருந்தேன். சல்லடையில் மாட்டியது அதுதான். வருடம் 1,000 கோடி விற்பனை செய்யும் கம்பெனி 600 கோடியை ஃபிக்சட் டெபாசிட்டில் வைத்திருக்கிறது என்று வையுங்கள். 7 சதவீதம் என்றால் வட்டி 42 கோடி. மொத்த வருமானம் 1,042 கோடியில் அது 4.03 சதவீதம். 5 சதவீதக் கோட்டில் பாஸ், டாசிஸின் 3 சதவீதக் கோட்டில் ஃபெயில். பணம் சேரச் சேரக் கம்பெனி பலமாகிறது, அதே சமயம் வட்டிக் கோட்டையும் நெருங்குகிறது. சில மருந்து, மென்பொருள் கம்பெனிகளை நிஃப்டி ஷரியா பட்டியலில் காணாமல் நான் முழித்ததற்கு விடை இங்கேதான் கிடைத்தது.

இந்த எண்ணை எந்தத் தளமும் தட்டில் வைத்துத் தராது. 'இதர வருமானம்' என்று ஒரே மூட்டையாக இருக்கும். அதற்குள் டெபாசிட் வட்டி, மியூச்சுவல் ஃபண்ட் லாபம், டாலர் ஏற்ற இறக்கத்தில் வந்தது, பழைய இரும்பு விற்றது, நிலம் விற்றது எல்லாம் கிடக்கும். ஆண்டறிக்கையைத் திறந்து, லாப நஷ்டக் கணக்கில் இதர வருமானம் என்ற வரிக்கு எதிரே உள்ள குறிப்பு எண்ணைப் பார்த்து, அந்தக் குறிப்புக்குப் போக வேண்டும். லிக்விட் ஃபண்ட், கடன் ஃபண்ட் லாபத்தையும் நான் வட்டியோடுதான் சேர்க்கிறேன்; பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது கடன் பத்திரம். ஒரு கம்பெனிக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அலுப்பான வேலைதான். ஆனால் நிலம் விற்று வந்த ஒருமுறை லாபத்தால் 'மலிவு' போலத் தெரிகிற கம்பெனிகள் அந்தக் கால் மணி நேரத்தில் தானாகவே அம்பலமாகிவிடும். வட்டி தேடப் போன இடத்தில் கிடைத்த உபரி இது.

இந்த இடத்தில் மச்சானின் கோரிக்கை ஒன்று வந்து நின்றது. "மச்சான், நம்ம பாம்பன் புதுப் பாலம் கட்டுன கம்பெனி ஷேர்ல இருக்காமே, அதப் போட்டுப் பாரேன்." ரயில் விகாஸ் நிகாம், மத்திய அரசுக் கம்பெனி. 2019 ஏப்ரலில் 19 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு. பாலத்தைப் பிரதமர் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்துவைத்த நேரத்தில் அதன் விலை வருட லாபத்தைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் இருந்தது. ஒப்பந்த வேலை, லாப விகிதம் ஒற்றை இலக்கம். கடன் பெரும்பாலும் ரயில்வே நிதிக் கழகத்திடம் வாங்கியது, திருப்பிக் கட்டும் பணம் ரயில்வே அமைச்சகத்திலிருந்து வருவது. ஆனாலும் வட்டிக் கடன் வட்டிக் கடன்தான். இதர வருமானத்தில்தான் சுவாரஸ்யம். 2023-24இல் தொழில் வருவாய் சுமார் 21,900 கோடி, இதர வருமானம் ஆயிரம் கோடிக்கு மேல். குறிப்பைப் பிரிக்காமல் 5 சதவீதக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. 3 சதவீதக் கோட்டுக்கு இன்னும் கஷ்டம். பாலம் அழகு, செங்குத்தாக ஏறும் தூக்குப் பகுதியை நானும் குடும்பத்தோடு போய்ப் பார்த்து வந்தேன். ஷீட்டில் அந்த வரி சிவப்பு. மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மார்க்கக் கட்டங்கள் முடிந்ததும் வியாபாரக் கட்டங்கள். இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இணையத்தில் நிறைய கிடைக்கும். போட்ட மூலதனத்துக்கு வரும் ஆதாயம், அதாவது ஆர்ஓசிஇ, ஐந்து வருட சராசரி 15 சதவீதத்துக்கு மேல். ஒரு வருடத்தை மட்டும் பார்ப்பதில்லை. விற்பனை ஐந்து வருடத்தில் ஆண்டுக்கு 10 சதவீதமாவது வளர்ந்திருக்க வேண்டும். புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளித் தரப்பு, தன் பங்கில் 5 சதவீதத்துக்கு மேல் அடகு வைத்திருந்தால் வெளியே. விலை விழுந்தால் கடன் கொடுத்தவர் அந்தப் பங்கைச் சந்தையில் தள்ளுவார், விலை இன்னும் விழும். வர வேண்டிய பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று ஒரு பத்தி. அந்த நாள்கணக்கு வருடா வருடம் நீண்டுகொண்டே போனால், சரக்கைக் கடனுக்குத் தள்ளி விற்பனையைக் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

காசு வரவுக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கமாக, தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தை நிகர லாபத்தால் வகுத்து, 1க்கு அருகில் இருந்தால் நல்லது என்பார்கள். இங்கேயும் கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் வம்பு. நிகர லாபம் என்பது தேய்மானம் கழித்த பிறகு வருவது. ரொக்க வரவில் தேய்மானம் கழிவதில்லை, ஏனென்றால் அது கையைவிட்டுப் போகிற காசு கிடையாது. ஆகவே பெரிய இயந்திரங்கள் வைத்திருக்கிற கம்பெனிக்கு இந்த விகிதம் தானாகவே 1ஐத் தாண்டும். பாக்கி வசூலாகாமல் திணறும் சிமென்ட் கம்பெனிகூடப் பாஸ் ஆகிவிடும். அதனால் கீழே வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தைப் போட்டு, ஐந்து வருட மொத்தத்தில் 70 சதவீதமாவது ரொக்கமாக வந்திருக்க வேண்டும் என்று மாற்றினேன். கட்டத்தை மாற்றியதும் பட்டியல் கணிசமாகச் சுருங்கிற்று.

விலைக்கும் லாபத்துக்குமான விகிதம், பிஇ, என் ஷீட்டில் சலிக்கும் கட்டமாக இல்லை. வெறும் தகவல் பத்தி. அதற்குக் காரணம் இறால்.

மண்டபம், தொண்டி பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு இறால் தொழில் கை ரேகை மாதிரித் தெரியும். ஷேர் சந்தையிலும் இறால் தீவனம், பதப்படுத்தல், ஏற்றுமதிக் கம்பெனிகள் உண்டு. 2009இல் வனாமி இறாலுக்கு அரசு அனுமதி தந்த பிறகு இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. 2017-18இல் இந்தக் கம்பெனிகளின் லாபம் உச்சம். 2018இல் உலகச் சந்தையில் இறால் விலை சரிந்தது, லாபமும் சரிந்தது. பிஇ 15க்குக் கீழ் என்று கட்டம் போட்டால் இப்படிப்பட்ட சுழற்சித் தொழில்கள் உச்சத்தில்தான் சல்லடையில் விழும். எண்ணில் பாருங்கள்: விலை 300, அந்த வருடம் பங்குக்கு லாபம் 30 என்றால் பிஇ 10, 'மலிவு'. மறு வருடம் லாபம் 10 ஆனால் அதே விலைக்கு பிஇ 30. ஐந்து வருட சராசரி லாபம் 14 என்று வைத்தால் பிஇ 21க்கு மேல். இந்த மூன்றாவது எண்தான் என் தகவல் பத்தியில் இருக்கிறது. அதுவும் பின்னால் நடந்ததை மட்டுமே பார்க்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, உறைய வைத்த இறாலுக்கு நம் பெரிய சந்தையே அமெரிக்காதான் என்பது எந்த விகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு, எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்று கையால் எழுதும் ஒரு பத்தி சேர்த்தேன். அதற்குக் கட்டமும் இல்லை, நிறமும் இல்லை, படித்துத்தான் ஆக வேண்டும்.

காலாண்டுக் கணக்கைப் படிக்கும்போது முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு 'இவ்வளவு ஏற்றம்' என்று போடும் செய்திகளை நான் கண்டுகொள்வதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கிற ஊரில், ஜூலை மீன் வரத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுகிற ஆளை யாரும் மதிக்க மாட்டார்கள். போன வருடத்து அதே காலாண்டைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஷீட்டை எப்போது புதுப்பிப்பது என்பதற்கு பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிகளே நாள்காட்டி. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவு வர வேண்டும், நிதியாண்டு முடிவுக்கு 60 நாள், அதாவது மே 30. புரமோட்டர் பங்கு, அடகு விவரம் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள். பேலன்ஸ் ஷீட் மட்டும் செப்டம்பர், மார்ச் என வருடத்தில் இரண்டு தடவைதான் கட்டாயம். ஆகவே கடன் பத்தியை வருடத்துக்கு இரண்டு முறைதான் தொட முடியும், அடிக்கடி நோண்டுவதில் பலனில்லை. இதர வருமானக் குறிப்பு முழுமையாகக் கிடைப்பது ஆண்டறிக்கையில், அதனால் அது வருடத்துக்கு ஒருமுறை.

எல்லாம் பச்சையாக நின்றவை ஒரு தாளில் அடங்கும். அவற்றின் ஆண்டறிக்கைகளை இப்போது முதல் பக்கத்திலிருந்து வாசித்து வருகிறேன். மச்சானுக்கு இன்னும் பெயர் எதையும் அனுப்பவில்லை, திட்டு வாங்குகிறேன்.

ஷீட்டின் கடைசிப் பத்தி சுத்திகரிப்பு. கம்பெனி கோட்டுக்குள் இருந்தாலும் கொஞ்சம் வட்டி வருமானம் இருக்கத்தான் செய்யும், நம் பங்குக்கு வரும் அந்தப் பகுதியை, மறுமை நன்மையை எதிர்பார்க்காமல், தர்மமாக வெளியே கொடுத்துவிட வேண்டும். எப்படிக் கணக்கிடுவது என்பதில் மறுபடியும் இரண்டு வழி. மேலே சொன்ன 42 கோடி வட்டிக் கம்பெனியையே எடுப்போம். என் ஷீட்டின் 3 சதவீதத்தில் அது நிற்காது, கணக்குக்காக மட்டும். மொத்தம் 10 கோடி பங்கு, நம்மிடம் 100 பங்கு, பங்குக்கு 24 ரூபாய் டிவிடெண்ட் (லாபப் பங்கு) வந்தது. டிவிடெண்டில் கணக்கிட்டால் 2,400 ரூபாயில் 4.03 சதவீதம், சுமார் 97 ரூபாய். ஆயோஃபி முறையில் டிவிடெண்ட் வந்ததா வரவில்லையா என்ற பேச்சே இல்லை. 42 கோடியைப் 10 கோடி பங்கால் வகுத்தால் பங்குக்கு 4 ரூபாய் 20 காசு, 100 பங்குக்கு 420 ரூபாய். ஷீட்டில் இரண்டு பத்தியும் வைத்திருக்கிறேன். எடுத்து வைக்கிற தொகை இரண்டாவது பத்தியிலிருந்து.